மால்ட் விஸ்கி வடிக்கிற செம்புப் பானை வெறும் ஷோவா?

ஜூலை 6 – கேள்வி

பினாங்கு பாகான் டாலாமிலிருந்து ஒரு வாசகர்: "அண்ணே, நான் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டேங்க் வெல்டிங் செய்கிறவன். யூடியூபில் ஸ்காட்லாந்து வடிசாலை ஒன்றைப் பார்த்தேன். கழுத்து நீண்ட செம்புப் பானையை வரிசையாக நிறுத்தி, பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறான். 316 ரக எஸ்எஸ்ஸில் செய்தால் துருப்பிடிக்காது, தேயாது, என் பேரன் காலம் வரைக்கும் வரும். செம்பு எல்லாம் டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்குக் காட்டத்தானே? நம் தோட்டத்தில் அந்தக் காலத்தில் தகர டின்னில் வடித்த சம்சு சாராயத்துக்கும் இதற்கும் பாத்திரம்தான் வித்தியாசமா?"

ஜூலை 6, ராத்திரி

ஷோ இல்லை. செம்பு தேய்வதுதான் அங்கே அதன் வேலை.

நான் பிறையில் பாம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பாய்லர், கண்டென்சர் பக்கம் இருந்தவன். மகள் அபர்தீனில் படித்தபோது அவளைப் பார்க்கப் போய், பக்கத்து ஸ்பே ஆற்றுப் பகுதியில் சில வடிசாலைகளுக்குள் நுழைந்து பார்த்தேன். மற்றவர்கள் கடைசியில் கொடுக்கிற கிளாஸுக்குக் காத்திருந்தார்கள். நான் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

மால்ட் விஸ்கிக்குப் போடுகிற பார்லியில் புரதம் இருக்கிறது, ஈஸ்டிலும் இருக்கிறது. அதிலுள்ள கந்தகம் நொதிக்கும்போதும் பிறகு கொதிக்கும்போதும் பலவிதச் சேர்மங்களாக வெளியே வரும். சிலது அழுகிய முட்டை, சிலது வெந்து குழைந்த முட்டைக்கோஸ், சிலது ரப்பர் எரிந்த வாடை. லிட்டரில் துளியினும் துளி இருந்தாலே மூக்குக்குத் தெரியும். சூடான ஆவி செம்பின் மேல் உரசிப் போகும்போது இந்தக் கந்தகத்தில் பெரும்பகுதியைச் செம்பு பிடித்துக்கொள்கிறது. பிடித்துக்கொண்டு தானும் கரைகிறது. இரண்டாம் பானையில் வடித்து மிஞ்சிய தண்ணீரில் செம்பு இருக்கும். அதை அப்படியே ஆற்றில் விட முடியாது, தனியாகச் சுத்தம் செய்ய வேண்டும்.

உங்கள் 316 எதையும் பிடிக்காது, எதையும் விடாது. பால் டேங்குக்கு அது நல்ல குணம். இங்கே அது குறை.

ஜூலை 7

"அப்படியானால் முதன்முதலில் செம்பு பிடித்தவனுக்குக் கந்தகம் பற்றித் தெரியுமா?" என்று ஒருவர் மடக்குகிறார். தெரியாது. செம்பு தட்டினால் வளையும், சூட்டை நன்றாகக் கடத்தும். எஸ்எஸ்ஸோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 25 மடங்கு. எஸ்எஸ் என்ற பொருளே இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில்தான் வந்தது, அதற்கு முன் வேறு வழியில்லை. வந்த பிறகும் ஏன் மாறவில்லை என்பதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் மூக்கில் இருக்கிறது.

ஜூலை 7, மதியம்

எஸ்எஸ் பானை செய்து உள்ளே செம்பு வலையைச் சுருட்டி வைத்தால் போதாதா என்று பாகான் டாலாம் தம்பி விடாமல் கேட்கிறார். சின்ன அளவில் வடிக்கிறவர்கள் அப்படியும் செய்கிறார்கள், வேலையும் செய்கிறது. வலை கறுத்துப்போனால் கழற்றிக் கழுவணும், கொஞ்ச நாளில் வேறு போடணும். ஆக அங்கேயும் தேய்வது செம்புதான். நீங்கள் பெரிய பானைக்குப் பதில் சின்ன வலையைத் தேய்க்கிறீர்கள். கணக்காகப் பார்த்தால் கெட்டிக்கார யோசனை.

இன்னொன்று. ஸ்காட்லாந்திலேயே ரோஸ்ஐல் என்ற பெரிய வடிசாலையில் சில பானைகளுக்கு, ஆவியைக் குளிரவைத்து நீராக்குகிற செம்பு கண்டென்சரோடு எஸ்எஸ் கண்டென்சரும் வைத்திருக்கிறார்கள். கனமான, கொஞ்சம் கந்தகம் தட்டுகிற ஸ்பிரிட் (பானையில் வடித்து வருகிற சரக்கு) வேண்டும் என்றால் ஆவியை எஸ்எஸ் பக்கம் திருப்புவார்கள். எஸ்எஸ்ஸில் வேலை செய்கிற உங்களுக்கு இது சந்தோஷமான செய்தி.

ஜூலை 9

மழை, வேலையில்லை. பானைக்கு முன்னால் நடப்பதைச் சொல்லாமல் பானையைப் பற்றி மட்டும் சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை என்று தோன்றுகிறது.

பார்லியைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் விட்டு விட்டு ஊறவைக்கிறார்கள். 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்த ஈரம் 45 வரை ஏறும். பிறகு முளை விடும். முளை பெரிதாகி மாவைத் தின்றுவிடுவதற்குள் சூட்டில் காயவைத்து நிறுத்தணும். அப்படிக் காய்ந்த பார்லிதான் மால்ட். அந்தச் சூட்டோடு பீட் என்கிற சதுப்புநிலக் கரியைப் புகைத்தால் ஐலா தீவு விஸ்கியின் மருந்து வாசம் வரும். ஊர் உலகம் படம் எடுக்கிற அந்தப் பகோடா கூரை, காயவைக்கிற அறையின் புகைபோக்கிதான். சார்ல்ஸ் டோயிக் என்ற கட்டடக் கலைஞர் 1889இல் டெயில்யூயின் வடிசாலைக்கு வரைந்தது. இன்று பெரும்பாலானவர்கள் மால்ட்டைப் பெரிய மால்ட் ஆலையிலிருந்து லாரியில் இறக்குகிறார்கள், கூரை அழகுக்கு நிற்கிறது. ஷோ என்று திட்ட வேண்டுமானால் அதைத் திட்டுங்கள். பௌமோர், லாஃப்ரோய்க், பால்வெனி, ஸ்பிரிங்பேங்க் மாதிரி சில இடங்களில் மட்டும் இன்னும் தரையில் பரப்பிக் கட்டையால் புரட்டுகிறார்கள்.

எனக்குப் பிடித்த சாமான் மில்தான். நான் பார்த்த இடங்களில் எல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடித்த போர்டியஸ் மில். இரண்டு ஜோடி உருளை. முதல் ஜோடி உமியைப் பிளக்கும், இரண்டாவது உள்ளிருப்பதை உடைக்கும். செய்த கம்பெனி மூடிப் பல காலம் ஆகிறது. மில் ரிப்பேரே ஆகாததால் யாரும் புதிதாக வாங்கவில்லை, அதனால் மூடினார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எவ்வளவு உண்மையோ, பேரிங் மாற்றி பெல்ட் மாற்றி இன்னும் ஓடுகிறது. என் ஆலையில் புதிதாக வந்த பம்ப் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் சீல் போய்விடும். இதைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

மில்லுக்கு முன்னால் கல் பொறுக்கும் கருவி ஒன்று. ஒரு சின்னக் கல் உருளையில் மாட்டிப் பொறி பறந்தால், காற்றில் மிதக்கிற மாவு வெடிக்கும்.

அரைத்ததில் உமி 20, நொய் 70, மாவு 10 என்கிற பங்கு வரணும், கொஞ்சம் முன்னே பின்னே. ஏன் இவ்வளவு பிடிவாதம்? அடுத்த பாத்திரமான மாஷ் டன்னில் வெந்நீர் ஊற்றியதும் அந்த உமிதான் கீழே படிந்து, கோப்பிக்கடையில் தொங்குகிற துணிப்பை போல வடிகட்டியாக வேலை செய்கிறது. மாவு கூடினால் களியாகி அடைத்துக்கொள்ளும். நொய் பெரிதானால் சர்க்கரை உள்ளேயே தங்கிவிடும்.

முதல் தண்ணீர் 64 டிகிரிக்குப் பக்கம். அந்தச் சூட்டில்தான் மால்ட்டிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டும். அதிகம் சூடானால் நொதி செத்துப்போகும். அதை வடித்துவிட்டு இரண்டாம் தண்ணீர் இன்னும் சூடாக, மூன்றாவது கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால். மூன்றாம் தண்ணீரை வீணாக்குவதில்லை, ஆறவைத்து அடுத்த ஈட்டுக்கு முதல் தண்ணீராக எடுத்துக்கொள்கிறார்கள். மிஞ்சிய சக்கை மாட்டுக்கு.

ஜூலை 10

"சர்க்கரைத் தண்ணீர் கிடைத்துவிட்டது, ஈஸ்ட் போட்டால் ஊறல் ரெடி. பினாங்கில் ஏன் முடியாது?"

முடியும். ஆனால் உங்கள் முதல் எதிரி குழாய்த் தண்ணீர்.

அங்கே வடித்த சர்க்கரைத் தண்ணீரைத் தகட்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஓடவிட்டு 20 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்து ஈஸ்ட் போடுகிறார்கள். ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூடு கிளப்பி 33, 34 வரைக்கும் போகும். அங்கே ஓடையில் வருகிற தண்ணீர் கையை விட்டால் விரல் மரத்துப்போகிற குளிர். பிறையில் கூலிங் டவர் எவ்வளவு நன்றாக ஓடினாலும் தண்ணீர் 29, 30க்குக் கீழே இறங்காது, நம் காற்றின் ஈரம் விடாது. 30இல் ஆரம்பித்தால் ஊறல் 40ஐத் தாண்டும். ஈஸ்ட் பாதியில் படுத்துவிடும், சர்க்கரை மிஞ்சும், வேண்டாத வாடை வரும். ஆகவே சில்லர் வேண்டும், கரண்டு பில் வரும். பெங்களூர், தைவான் காரர்கள் எல்லாம் இந்தச் செலவைக் கணக்கில் எடுத்துத்தான் செய்கிறார்கள்.

ஊறல் தொட்டியை வாஷ்பேக் என்பார்கள். இரண்டு மாடி உயரம். பழைய இடங்களில் ஒரிகன் பைன் மரம், புதிய இடங்களில் எஸ்எஸ். மரம்தான் ருசி என்று ஒரு கட்சி, கழுவ எஸ்எஸ்தான் லேசு என்று இன்னொரு கட்சி. ருசியைத் தீர்மானிப்பதில் நேரத்துக்கு இன்னும் பெரிய பங்கு. 48 மணி நேரத்தில் ஆல்கஹால் ஏறக்குறைய வந்துவிடும். 70, 100 மணி என்று விட்டால் ஈஸ்ட் ஓய்ந்த பிறகு லாக்டிக் பாக்டீரியா வேலையைத் தொடங்கும். பீருக்குக் கொதிக்கவைப்பதுபோல் இதைக் கொதிக்கவைப்பதில்லை, அதனால் அவை உயிரோடு வந்து சேர்கின்றன. பழ வாசம் பெரும்பாலும் அந்தக் கடைசி நேரத்தில் வருவது. முடிவில் 8, 9 சதவீத ஆல்கஹால், ஹாப்ஸ் போடாத புளித்த பீர்.

நுரை பொங்கி மூடியைத் தள்ளாமல் இருக்க உள்ளே ஒரு கத்தி சுற்றிக்கொண்டே நுரையை வெட்டும். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள் என்றார்கள். கரியமில வாயு மூக்கில் ஏறி அறைந்தது. அதற்குள் தலையை விட்டு யாராவது நின்றால் ஆள் விழுந்துவிடுவார். தொட்டிக்குள் இறங்கி வேலை செய்கிற வெல்டர் தம்பிக்கு இதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஜூலை 10, சற்று பிறகு

பானையிலும் நுரை பொங்கும். அதனால் முதல் பானையின் கழுத்தில் கண்ணாடி வைத்து, நுரை எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்துச் சூட்டைக் கூட்டிக் குறைப்பார்கள். அந்தக் காலத்தில் நுரையை அடக்கச் சோப்புத் துண்டு போட்டார்கள். சிரிக்காதீர்கள், சோப்பு ஆவியாகி வராது.

ஜூலை 14

சம்சு கேள்விக்கு வருகிறேன். தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு, எங்கள் தோட்டத்தில் அதனால் அழிந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். கள்ளுக்கடையை மூடு என்பது 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று. போர் முடிந்ததும் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளை எதிர்த்துத்தான் கிளம்பியது. நம் ஆட்களுக்கு இந்தப் பேச்சு வெறும் ருசிப் பேச்சாக இருக்க முடியாது.

சரி, சாமானுக்கு வருவோம். இரண்டு பானை. முதல் பானையில் 9 சதவீத ஊறல் ஏறி 22, 25 சதவீதமாக இறங்கும். அது இரண்டாவது பானைக்குப் போகும். அங்கே வருவதை மூன்றாகப் பிரிக்கணும்: தலை, நடு, வால். நடுப்பகுதி மட்டுமே பீப்பாய்க்குப் போகும். தலையும் வாலும் அடுத்த ஈட்டோடு சேர்ந்து மறுபடி பானைக்கே வரும்.

பிரிக்கிற இடம் ஸ்பிரிட் சேஃப். பித்தளைச் சட்டம், கண்ணாடி, பூட்டு. 1820களில் வந்தது. வடிக்கிறவர் கையால் தொட முடியாது, வெளியே உள்ள கைப்பிடியைத் திருப்பி ஓட்டத்தை மாற்றலாம், அவ்வளவுதான். சாவி நீண்ட காலம் கலால் அதிகாரி கையில் இருந்தது. ஒரு சொட்டு தீர்வை கட்டாமல் போகக் கூடாது என்பதற்காகச் செய்த கருவி இது, தரத்துக்காக இல்லை.

தலை முடிந்ததா என்று எப்படித் தெரியும்? ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்து 45.7 சதவீதத்துக்கு இறக்கிப் பார்ப்பார்கள். கலங்கினால் இன்னும் தலை. போன ஈட்டின் வால் குழாயில் ஒட்டிவைத்த எண்ணெய்ப் பசை இன்னும் கழுவப்படவில்லை என்று அர்த்தம். தெளிந்தால் நடுப்பகுதி.

இங்கே பலர் நம்புகிற ஒரு விஷயத்தைத் திருத்தணும். "தலையைக் கொட்டிவிட்டால் மெத்தனால் போய்விடும், அதனால் பயமில்லை" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆபத்தான பேச்சு. மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78.4 என்று பாடப் புத்தகத்தில் இருப்பது உண்மை. தண்ணீரோடு கலந்திருக்கும்போது அது அப்படி வரிசையாக இறங்கி வராது, தலை, நடு, வால் எல்லாவற்றிலும் பரவி வரும். பார்லி ஊறலில் ஆபத்து இல்லாததற்குக் காரணம் அதில் மெத்தனால் உண்டாவதே மிகக் குறைவு என்பதுதான். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் அத்தனை பேர் இறந்ததும் பார்வை போனதும் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து. அந்த மாதிரிச் சரக்கில் மெத்தனால் தொழிற்சாலை டிரம்மிலிருந்து வருகிறது. எந்தப் பானையில் வடித்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

ஆக, தம்பி கேட்ட வித்தியாசம் பாத்திரத்தில் கொஞ்சம் இருக்கிறது. அதைவிட, என்ன போட்டார்கள் என்பதை யாராவது கணக்கில் எழுதுகிறார்களா என்பதில் இருக்கிறது.

ஜூலை 15

ஒருவர் தனியாகக் கேட்டார், லங்காவியிலிருந்து வாங்கி வந்த பாட்டிலில் "சிங்கிள்" என்று இருப்பது ஒரே பீப்பாயா என்று. இல்லை, ஒரே வடிசாலை. அதற்குள் பல பீப்பாய்கள் கலந்திருக்கும்.

ஜூலை 19

செம்புக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் நல்ல உதாரணம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

ஆவியை நீராக்க இரண்டு வழி. ஒன்று நம் ஆலையில் இருக்கிற மாதிரி ஷெல் அண்ட் டியூப் கண்டென்சர்: உள்ளே நூற்றுக்கணக்கான செம்புக் குழாய், குழாய்க்குள் தண்ணீர், வெளியே ஆவி. செம்புப் பரப்பு ஏராளம். இன்னொன்று பழைய வழி, வோர்ம் டப்: வெட்டவெளியில் பெரிய தண்ணீர்த் தொட்டி, அதற்குள் போகப் போகக் குறுகிச் சுற்றி இறங்குகிற ஒரே செம்புக் குழாய். ஆவி உள்ளே நுழைந்த சீக்கிரத்திலேயே நீராகிவிடும். நீரானபின் செம்போடு உரசல் குறைவு, கந்தகம் மிஞ்சும்.

டால்வின்னி வடிசாலையில் 1986இல் வோர்ம் டப்பை எடுத்துவிட்டு நவீன கண்டென்சர் வைத்தார்கள். அதே தண்ணீர், அதே மால்ட், அதே பானை. ஸ்பிரிட்டின் குணம் மாறிப்போயிற்று. 1995இல் வோர்ம் டப்பைத் திரும்பக் கட்டினார்கள். சுத்தமான செம்பு அதிகம் கிடைத்தும் வேண்டாம் என்றவர்கள்! எவ்வளவு செம்பு என்பதே ஒரு மசாலா அளவு, கூடினாலும் அவர்களுக்குப் பிடிக்காது.

வோர்ம் டப் வைத்த ஓரிடத்தில் புது ஸ்பிரிட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். தீக்குச்சி உரசிய வாசமும் கறிச்சாறு வாசமும். பக்கத்தில் நின்ற மகள் முகம் சுளித்தாள். இதுவா இத்தனை விலை என்றாள். அந்த வாடை பீப்பாயில் வருடக்கணக்கில் அடங்கி வேறொன்றாக வரும் என்றார் அங்கிருந்தவர்.

இதில் நமக்கு ஒரு வேடிக்கை. குளிரூட்டும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஆவி கொஞ்சம் கூடுதல் நேரம் ஆவியாகவே செம்பில் உரசும், ஸ்பிரிட் லேசாகும். பிறைத் தண்ணீர் கண்டென்சருக்கு அவ்வளவு மோசமில்லை. ஊறலுக்குத்தான் வில்லன்.

ஜூலை 20

பானையின் உயரம் பற்றி இருவர் சண்டை. சுருக்கமாக: உயரமானால் கனமான ஆவி ஏறமுடியாமல் நீராகித் திரும்பக் கீழே விழும், மறுபடி கொதிக்கும், மறுபடி செம்பில் உரசும். கிளென்மோரஞ்சியின் கழுத்து 5.14 மீட்டர், ஸ்பிரிட் லேசு. மக்கல்லன் பானைகள் குட்டை, ஸ்பிரிட் கனம். உச்சியிலிருந்து கண்டென்சருக்குப் போகிற லைன் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்தால் லேசு, கீழ்நோக்கினால் கனம். பானை மாற்றும்போது பழையதன் ஒடுக்கையும் சேர்த்துப் படி எடுப்பார்கள் என்கிற கதையை நான் நம்புவதில்லை. அளவை அப்படியே எடுப்பதைத்தான் நம்புகிறேன்.

ஜூலை 27

பீப்பாய். ஸ்பிரிட்டை வழக்கமாக 63.5 சதவீதத்துக்கு இறக்கி ஓக் பீப்பாயில் அடைக்கிறார்கள். ஸ்காட்ச் என்று சொல்லக் குறைந்தது 3 வருடம், பீப்பாய் 700 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. மரம் மூச்சு விடும், வருடாவருடம் கொஞ்சம் காற்றில் போகும். அங்கே ஏறக்குறைய 2 சதவீதம். பெங்களூர் அம்ருத்தில் 10ஐத் தாண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் பீப்பாயில் வருடம் 2 சதவீதம் போனால் 12 வருடத்தில் மிச்சம் 157 லிட்டர் வரும். 10 சதவீதம் போனால் 56. பினாங்கில் "12 வருடம்" என்று லேபிள் ஒட்ட நினைக்கிறவர் முக்கால் பீப்பாயைக் கொம்தார் கோபுர உச்சிக் காற்றுக்குத் தானம் செய்யணும். அதற்குள் ஓக் இறங்கி இறங்கி மிச்சமும் மரப்பட்டைக் கஷாயமாகியிருக்கும். அதனால்தான் அம்ருத்தும் தைவான் கவலானும் பெரும்பாலும் வயதை எழுதாமலே விற்கிறார்கள். வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை. சூட்டில் 4, 5 வருடத்தில் மரம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறது. வயது எண்ணுக்குக் கூடுதல் காசு கொடுக்கும் நம் ஆட்கள் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள், தெரியும்.

ஆகஸ்ட் 2

பாகான் டாலாம் தம்பி இப்போது செம்பு வெல்டிங் கற்றுக்கொள்ளப் போகிறாராம், ஒரு சின்னப் பானை வரைந்து அனுப்பியிருக்கிறார். முதலில் சட்டம்: லைசன்ஸ் இல்லாமல் வடிப்பது கலால் சட்டம் 1976படி குற்றம், அளவு சின்னது என்பது பதில் இல்லை. ரோஜா தண்ணீர் வடிக்க என்று சொல்கிறார், சரி, நம்புகிறேன்.

வரைபடத்தில் இரண்டு குறை. தோள் பகுதிக்கும் அடிக்கும் ஒரே கனத்தில் தகடு போட்டிருக்கிறீர்கள். சீக்கிரம் தேயும் இடங்களில் கூட்டிப் போடுங்கள், அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்றுகிற மாதிரி மடிப்பு வையுங்கள். அங்கேயும் பானையை முழுதாக மாற்றுவது அபூர்வம், கழுத்து ஒரு முறை, தோள் ஒரு முறை என்று துண்டு துண்டாகத்தான் மாற்றுகிறார்கள்.

இரண்டாவது பெரிய குறை, காற்று உள்ளே இழுக்கிற வால்வு இல்லை. வடித்து முடித்து எல்லாவற்றையும் மூடிவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் அடித்தால் உள்ளே ஆவி சுருங்கி வாக்குவம் ஆகும். செம்பு மெல்லிய தகடு, அப்படியே உள்ளே மடங்கிவிடும். பெரிய வடிசாலைகளிலும் இதற்கென்றே தானாகத் திறக்கிற வால்வு தலையில் வைத்திருப்பார்கள். கழுத்துக்குக் கீழே, மேன்ஹோலுக்கு எதிர்ப்பக்கம் இடம் இருக்கிறது. அங்கே போட்டு மறுபடி அனுப்புங்கள், அளவைப் பார்த்துச் சொல்கிறேன்.